பொன்னாடைகளுக்குப் பின்னால் ஒரு கோல் கம்பம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டியோடு நகர ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். ஊரில் நாங்கள் படித்த கல்லூரியின் பெயரில் இங்கே, டென்மார்க்கில், பழைய மாணவர்கள் ஓர் உதைபந்தாட்ட அணி வைத்திருந்தோம். பெட்டிக்குள் இருந்தது அதன் வரலாறு. அதாவது... போட்டோக்கள்.

செயலாளர் சிவம் அண்ணையும் வந்தார். எனக்குப் புது ஆட்களோடு கதைக்க வெட்கம். அவருக்கு மைக் இருந்தால் நிறுத்த வெட்கம்.

எனக்கு இதில் ஒரு சொந்த அலுவலும் இருந்தது. நான்தான் அந்த அணியின் கோல் காப்பாளர். மகள் நம்புவதில்லை. "நீங்களா அப்பா?" என்று டேனிஷில் கேட்டுச் சிரிப்பாள். காப்பகத்தில் ஏறிவிட்டால் நம்பித்தானே ஆகவேண்டும்?

காப்பகத்தில் கிர்ஸ்டன் என்ற பெண்மணி கையுறை போட்டுப் படங்களை எடுத்தார். முதலாவதில் பிரதம விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். அடுத்ததில் தலைவருக்குப் பொன்னாடை. அதற்கடுத்ததில், பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை.

"இது கல்யாணமா?"

"இல்லை, அரையிறுதி" என்றார் சிவம் அண்ணை.

"பந்து எங்கே?"

தேடினோம். கிடைத்தது — போட்டிக்குக் காசு தந்த அனுசரணையாளரின் மடியில், மாலையோடு.

"அண்ணை, விளையாடேக்க ஆரும் படம் எடுக்கேல்லையோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"விளக்கேத்தி முடியக் கமராக்காரருக்குச் சாப்பாடு குடுத்து அனுப்பிப்போடுவம். அந்த மனிசன் ஏன் மழைக்குள்ள நிக்கோணும்?"

நாங்கள் இப்படித்தான். எதை நடத்தினாலும் நடத்தியவர்களைப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

ஒரு விளையாட்டு வீரராவது தெரியாவிட்டால் பெட்டி 'விழாக்கள்' பிரிவுக்குத்தான் போகும் என்றார் கிர்ஸ்டன். சிவம் அண்ணைக்கு அது போதும். எனக்கு?

கடைசிப் படத்தின் மேல் கிர்ஸ்டன் பூதக்கண்ணாடியை வைத்தார். தலைவரின் காதுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு கோல் கம்பம். கமராவைக் கண்டு அதன் பின்னால் ஒளியப் பார்க்கிறான், கையுறை போட்ட ஒருவன்.

"இது யார்?"

"கோல் காப்பாளர்" என்றேன். பிறகு, எனக்கே கேட்காத குரலில், "நான்."

பெட்டி உதைபந்தாட்டப் பிரிவில் ஏறிவிட்டது. அந்தப் படத்தை மட்டும் போனில் எடுத்துவந்து மகளிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

"ஓம் அப்பா, இது நீங்கள்தான்" என்றாள், அதிசயமாகத் தமிழில். "ஒளிக்கிறதைப் பாக்கவே தெரியுது."

அன்று எத்தனை கோல் விட்டேன் என்பதற்கு, நல்லவேளை, படம் இல்லை.