சகலையின் பத்து டேங்க்

சூட்டில் இறுகிப் பிடித்துப்போன இன்ஜினின் கயிறு எப்படி இருக்கும் என்பது அதை இழுத்தவனுக்குத்தான் தெரியும். சுவரில் அடித்த ஆணியை இழுப்பது போல இருக்கும். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே நின்று, நான் அந்தக் கயிற்றை ஏழெட்டுத் தடவை இழுத்தேன். வரவில்லை. மரம் அறுக்கும் புது மிஷின். வாங்கி மூன்றாம் நாள். முதல் வெட்டு அன்றைக்குத்தான்.

மிஷின் எனக்கும் என் சகலைக்கும் பொது. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சகல என்பார். அதுவரை இருவரும் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவர் பாலவனத்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். நான் வருவதற்குள் ஆரம்பிக்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது. நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. கண்மாயை ஏலம் எடுத்த முதலாளி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். சூடம் காட்டி, மிஷினுக்குச் சந்தனம் வைத்து, கயிற்றை இழுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல நேரத்தில் ஓடவிட்ட மிஷினை அந்த நேரம் முடியும்வரை அணைப்பதில்லை. கிணற்று மோட்டார் ஆனாலும் டிராக்டர் ஆனாலும் அப்படித்தான். நடுவில் அணைத்தால் வேலை விளங்காது என்பார்கள். நான் அணைக்கவில்லை. முழு ரேஸ் கொடுத்து, தொடை மொத்தக் கருவேலமாகப் பார்த்து அறுத்தேன். பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றது. அது நாமாக நிறுத்தியது ஆகாது என்று சூட்டோடு ஊற்றி மறுபடி இழுத்தேன். முதலாளி கைதட்டாத குறை. பத்தேகாலுக்கு ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

சகலை மத்தியானம் வந்தார். காதுகுத்து வீட்டு வெற்றிலை இன்னும் வாயில் இருந்தது. மிஷினைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்தார். பூனை பிறாண்டியது போல நெடுகக் கோடுகள். அதைத் துணியில் சுற்றி வைத்தார். "சாப்பிட்டியா சகல?" என்றார்.  வீட்டில் என் மனைவி கேட்டாள்: "அத்தான் வைதாகளா?" இல்லை என்றேன். "நாலு வார்த்தை வைதிருந்தா உங்களுக்கு நல்லாருந்திருக்கும்" என்றாள். அவள் சொன்னது சரி.

அருப்புக்கோட்டையில் ரிப்பேர் பார்ப்பவர், இதைத் தேற்றுவதற்குப் புதுசே மேல் என்றுவிட்டார். சகலை தன் வெள்ளாடுகள் நான்கையும் விற்றார். அக்காள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அது நியாயம்தான். புது மிஷின் வந்தது. கடைக்காரரிடம் சகலை அரை மணி நேரம் நின்று கேட்டுக்கொண்டு வந்தார். முதல் பத்து டேங்க் பெட்ரோலுக்கு மிருதுவான மரம்தான். பாதி ரேஸ்தான். கொஞ்ச நேரம் அறுத்தால் அணைத்து ஆறவிட வேண்டும். புதுச் சங்கிலி இளகும், ஆறியபின் முறுக்கிவிட வேண்டும். இவ்வளவையும் என்னிடம் ஒரே வரியில் சொன்னார். "புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு மதுரைக்கு நடப்பியா?"

மிருதுவான மரத்துக்கு எங்கே போவது? எங்கள் சீமையில் கண்ணுக்கு எட்டிய தூரமும் கருவேலம்தான். அதுவோ இரும்பு. முதலாளி அதற்குள் ஆள் அனுப்பிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை காலையில் கண்மாய்க்குள் மிஷின் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் வேறு ஆள் வரும் என்று. எங்களுக்கு ஆறு நாள் இருந்தது. சகலை மிஷினைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் பெட்ரோல் கேனோடு பின்னால் போனேன். எந்த ஊரில் முருங்கை சாய்ந்து கிடக்கிறது, எவர் வீட்டில் பட்ட தென்னை நிற்கிறது என்று விசாரித்து, சும்மாவே அறுத்துக் கொடுத்தோம்.

வீரசோழனில் ஒரு பாய் வீட்டுக் கொல்லையில் பெரிய முருங்கை ஒடிந்து கிடந்தது. பாய் சவுதியில் இருந்துவிட்டு வந்தவர். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். சகலை நான்கு துண்டு அறுப்பார், அணைப்பார். மிஷினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பீடி ஒன்று முடியும்வரை சும்மா இருப்பார். பிறகு இழுப்பார். பாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மச்சான், நீங்க அறுக்குற வேகத்துக்கு அந்தப் பக்கம் துளுத்துருமே."

"துளுத்தா காய் பறிச்சுக்கிருங்க பாய்."

"கூலி கேக்காத ஆளுன்னு நெனச்சேன். இப்பத்தானே தெரியுது, நான்தான் ஒங்களுக்குப் பொழுதுபோக்கு."

பாய் வீட்டில் எங்களுக்கு மீன்குழம்புச் சோறு கிடைத்தது.

அந்த ஆறு நாளும் மிஷின் என் கைக்கு வரவில்லை. கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. அவர் அறுத்தார், நான் துண்டுகளை இழுத்துப் போட்டேன். பெட்ரோலில் ஆயில் கலப்பதைக்கூட அவரே செய்தார். சாப்பாடு, பீடி, பஸ்ஸில் சன்னலோரம், எல்லாவற்றிலும் எனக்குத்தான் முதல் பங்கு கொடுத்தார். மிஷினைத் தவிர. இனி இவரோடு நான் முள் இழுக்கிற ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். பத்தாவது டேங்க் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருச்சுழியில் ஒரு பட்ட தென்னையில் தீர்ந்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கண்மாயில் இருந்தோம். முதலாளி மறுபடியும் எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தார். சகலை பெட்ரோல் ஊற்றினார். சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தார். மிஷினை என் காலடியில் வைத்தார்.

"எனக்கு டீ குடிக்கணும். நீ ஆரம்பி சகல."

கரை ஏறி ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டார். டீக்கடை கால் மைல் இருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி என்னையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். "போன தடவ ஒன் கையிலதானப்பா போச்சு? அவுக ஏன் போறாக?" என்றார்.  கயிற்றை இழுத்தேன். மணிக்கட்டு மொத்தக் கிளைகளாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் அறுத்தேன். பிறகு அணைத்தேன்.

"நல்ல நேரம்ப்பா. அணைக்காத" என்றார் முதலாளி.

"ஆறட்டும்" என்றேன். மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடு குறையும்வரை உட்கார்ந்திருந்தேன். சங்கிலியை முறுக்கினேன். மறுபடி இழுத்தேன். முதல் இழுப்பிலேயே வந்தது. அந்தக் கண்மாயை நாங்கள் இருவரும்தான் முடித்தோம்.

சில நாள் கழித்து டீக்கடை அக்கா சொன்னது: "ஒன் சகலைக்கு அன்னைக்கு என்னப்பா கஷ்டம்? டீய வாங்கி வச்சுட்டுக் குடிக்கவே இல்ல. கடைக்குப் பின்னால போயி கண்மாயப் பாத்து நின்னாரு. கேட்டதுக்குப் பேசாம இருங்கன்னு கையக் காட்டிட்டாரு. மிஷின் சத்தம் நின்னுச்சு. மனுசன் மூச்சு விடல. திரும்பக் கேட்டுச்சு பாரு, அப்பறம்தான் ஆறுன டீயக் கீழ ஊத்திட்டு, சூடா ரெண்டு போடுங்கக்கான்னாரு. ரெண்டையும் அவரே குடிச்சாரு."

இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அவரும் என்னிடம் சொன்னதில்லை. இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. அருப்புக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் நான் புது மிஷின் வாங்கி, முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். மடியில் வைத்து அங்கே இங்கே தடவிப் பார்த்தார். முதல் பத்து டேங்கை எப்படி ஓட்டப் போகிறேன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, சித்தப்பாவுக்குத் தட்டு வை என்றார்.