கதிரையில் தொங்கிய குடை

லிஃப்ட் பழுதானால், நடக்க இயலாத குடியிருப்பாளருக்கு நிர்வாகம் உடனடியாக மாற்று ஒழுங்கு செய்ய வேண்டும். டொரொன்டோவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் விதிக்கோவை அப்படித்தான் சொல்கிறது. அதை முழுவதும் வாசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். லிஃப்ட் நின்ற மறுநாள், ஆறாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் மரியா இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியிருந்தது. இதற்குப் பொறுப்பு யார் என்று நிர்வாகியான இளம்பெண்ணைக் கேட்டேன். "நாங்கள் எல்லோரும்" என்று புன்னகைத்தாள். அரச அலுவலகத்தில் லிகிதராக முப்பது வருடம் இருந்தவனுக்கு அதன் பொருள் உடனே விளங்கியது: ஒருவரும் இல்லை.

நான் வேலைசெய்த திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் பொறுப்புக்கு ஒரு கதிரை இருந்தது. அதில் பொறுப்பதிகாரியான அத்தியட்சகர் கந்தையா இருந்தார். கதிரை முதுகில் அவருடைய குடை தொங்கினால் ஐயா கடமையில் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் தேநீர் குடிக்கப் போனாலும் குடை கடமையில் இருக்கும். சண்டைக் காலத்தில், பொறுப்பதிகாரி ஒருவர் ஏறாமல் பின்னேரத்தில் எந்த லாஞ்சும் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூதூருக்குப் புறப்படக்கூடாது என்று ஒரு விதி வந்தது. முன் அனுமதியின்றிப் பொறுப்பதிகாரி கடமை நிலையத்தை விட்டு நீங்கக்கூடாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் கோவையில் அடுத்தடுத்து வைத்தவன் நான்தான்.

ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மையத்தை இறங்குதுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூதூரைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி ஒருவருடைய சடலம். அவருடைய மகன் எங்கள் வாசலில் நின்றார்.

"வாப்பாவ இண்டைக்கே அடக்கணும் சேர்."

அனுமதியின்றி நிலையத்தை விட்டு நீங்கக்கூடாது என்ற விதியை நான் நினைவூட்டினேன். கந்தையா குடையை எடுத்துக் கதிரையில் ஒழுங்காக மாட்டினார்.

"அந்த விதியை எழுதினவர் இந்த வெயிலில மையத்தோட நிண்டவரோ? ஆரும் கேட்டால் குடையைக் காட்டும்."

லாஞ்சில் ஏறிப் போனார். இருட்டிவிட்டதால் அன்று திரும்ப ஏலவில்லை. மறுநாள் காலை கொழும்பிலிருந்து முன்னறிவிப்பில்லாமல் வந்த மேலதிகாரிக்குக் குடையைக் காட்டினேன். அவர் கொழும்புக் கந்தோரில் தன் குடையையும் அப்படித்தான் மாட்டுபவர், ஐயா இடத்தில் இல்லை என்று உடனே விளங்கிக்கொண்டார்.

சுகவீனம் என்று எழுதித் தப்பியிருக்கலாம். கந்தையா தன் விளக்கத்தில் ஒரு வரிதான் எழுதினார்: மையத்துடன் மூதூர் போனேன். வேலை போயிற்று. மேன்முறையீட்டை நான் வரைந்தேன், பிழையில்லாத கடிதம். பிறகு நான் ஓய்வுபெற்று மகனிடம் கனடா வந்தேன். திருகோணமலைப் பாலையூற்று வீட்டிலிருந்து அவர் தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் கடைசியில் ஒன்றைக் கேட்பார்: "பதில் வராதெண்டு நினைக்கிறீரோ?" வேலைக்காக அல்ல. தான் செய்தது குற்றமில்லை என்று கந்தோர் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தார். நடைமுறைப்படி வர வேண்டும் என்பேன்.

இங்கே மரியாவை நானும் நாலாம் மாடிப் பஞ்சாபிக்காரரும் கதிரையோடு தூக்கி இறக்கினோம். குடியிருப்பாளரைக் குடியிருப்பாளர் தூக்குவது காப்புறுதி விதிக்கு முரண் என்று நிர்வாகம் எனக்கு எழுதியது. நல்ல கடிதம், நானே எழுதியிருக்கலாம். மரியாவைத் தூக்கினேன் என்று ஒரு வரியில் விளக்கம் அனுப்பினேன். என் குடை இன்னும் அந்தத் துறைமுகக் கந்தோரில்தான் எங்கோ தொங்குகிறது போலும். அங்கே கேட்டால் நான் கடமையில் இருக்கிறேன் என்பார்கள்.

கந்தையாவின் மகள் போன கிழமை கந்தோரின் பதிலைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். மேன்முறையீடு ஏற்கப்பட்டது, அவர்மீது குற்றமில்லை, உடனடியாகக் கடமைக்குச் சமுகமளிக்கவும். கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று.