அக்கா தேய்த்துத் தீர்த்த வெண்மை

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அத்தை காபியைக் குடித்து முடித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. பல்லுதான் கொஞ்சம் மஞ்சளா கீது."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திருமழிசைக்காரர்கள். அன்றைக்கே சரி என்று சொல்லி, பூ வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். எங்கள் அப்பா நைனாவுக்கு ஒரே சந்தோஷம். அக்கா மட்டும் சமையல் கட்டுக்குள் போய், பித்தளைச் சொம்பைத் துடைத்து அதில் தன் பற்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. அம்பத்தூரில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். எனக்குத் தலை வாரிவிட்டது, சோறு போட்டது, இடி இடித்தால் பக்கத்தில் இழுத்துப் படுக்கவைத்துக்கொண்டது எல்லாம் அக்காதான். அவளுக்கும் எனக்கும் வயதில் அதிக வித்தியாசமில்லை. அவளும் பிள்ளைதான்.

மறுநாளே செங்கல்லை உடைத்து உரலில் இடித்தாள். மெல்லிய துணியில் சலித்துக் கொட்டாங்கச்சியில் நிரப்பி வைத்தாள். காலையில் அரை எலுமிச்சம்பழத்தைப் பற்களில் தேய்ப்பாள். புளிப்பு காய்வதற்குள் செங்கல் தூளை விரலில் எடுத்து அழுத்தித் தேய்ப்பாள். சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு வந்ததும் மறுபடியும் அதே வேலை. முதல் சில நாட்கள் பற்கள் பளபளவென்றுதான் இருந்தன. "பார்டீ, இப்ப எப்பிடி கீது?" என்று வந்து நிற்பாள். "மல்லி மொட்டாட்டம் கீதுக்கா" என்பேன்.

ஆனால் கல்யாணம் நெருங்க நெருங்க மஞ்சள் இன்னும் கூடித் தெரிந்தது. அவள் கேட்டால் அப்போதும் மல்லி மொட்டு என்றுதான் சொல்வேன். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. சரியாகத் தேய்க்கவில்லை என்று நினைத்து அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தை மாதக் காலையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றியதும் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பாள். கரும்பைக் கடித்துத் தோல் உரித்து எனக்குத் துண்டு போட்டுத் தந்தவள், அந்தப் பொங்கலுக்கு அரிவாளைத் தேடினாள். சிரிக்கும்போது உள்ளங்கை தானாக வாய்க்கு மேலே போய்விடும். மணையில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் சிரித்தாள்.

அவள் திருமழிசைக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நைனாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவோம். பூந்தமல்லிச் சந்தைக்குப் போய்வருகிறவர்களிடம் அவளைப் பார்த்தீர்களா என்று கேட்பேன். புது மருமகளைச் சந்தைக்கு அனுப்பமாட்டார்கள் என்று தெரிந்தும் கேட்பேன்.

அடுத்த வருஷம் முழுகாமல் இருந்தவளை அவள் புருஷன், என் மாமா, கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பாதியாக இளைத்திருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. வாய்க்கு ருசி வேண்டும் என்று புளியங்காயை நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். வாந்தி எடுத்த கையோடு, "வாயெல்லாம் கசக்குதுடீ" என்று செங்கல் தூளை எடுத்துவிடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை தேய்த்தாளோ!

வாந்தி நிற்கவில்லை என்று நைனா வண்டி கட்டி எங்கள் இருவரையும் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே நடுத்தர வயதில் ஒரு டாக்டரம்மா. வயிற்றைப் பார்த்து, நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கைப் பார்த்தவள் அப்படியே குனிந்து பற்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"எதைப் போட்டும்மா தேய்க்கிறே?"

அக்கா சொன்னாள். எலுமிச்சம்பழத்தையும் சொன்னாள். டாக்டரம்மா அவளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். முன்பற்களின் நுனி வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"பல்லுக்கு மேலே கெட்டியா ஒரு பூச்சு இருக்கும்மா. வெள்ளையா தெரியறது அதுதான். அதுக்கு அடியிலே இருக்கறது மஞ்சள். நீ அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சே. மேல் பூச்சு தேஞ்சு, அடியிலே இருக்கற மஞ்சள் வெளியே தெரியுது. தேய்க்கத் தேய்க்க இன்னும் மஞ்சளாத்தான் ஆகும்."

அக்கா, "நகமாட்டம் மறுபடி வளராதுங்களா?" என்று கேட்டாள்.

"வளராது. போனது போனதுதான். ஆனா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். புளிப்பு பட்டா அந்தப் பூச்சு கொஞ்சம் இளகிடும். வாந்தியிலேயும் புளிப்புதான் இருக்கு. இளகினதும் தேய்ச்சா உதிர்ந்து போயிடும். அதனாலே வாந்தி எடுத்தா வெறும் தண்ணியிலே நல்லா கொப்பளி. அப்புறம் சும்மா இரு. எச்சில் ஊறி ஊறிப் புளிப்பைக் கழுவிவிடும். நல்லா நேரம் கழிச்சு, வேப்பங்குச்சியைப் பஞ்சாட்டம் மென்னு மெதுவா விளக்கு. புளியங்காயை வாயிலே அடக்கி வச்சுக்காதே. செங்கல்லு சுவருக்குத்தான்."

வாந்திக்கும் மருந்து கொடுத்தாள். வண்டியில் வரும்போது அக்கா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நைனா திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டை மட்டும் மெதுவாக ஓட்டினார். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அந்தக் காற்றுக்கே பல் கூசி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டாங்கச்சியை எடுத்துப் போய்க் குப்பைக் குழியில் கவிழ்த்தேன். ஆனால் வாந்தி வந்ததும் அவள் கை தானாக அதைத் தேடும். நான் சொம்பில் தண்ணீரோடு நிற்பேன். கொப்பளிப்பாள். "இப்ப சும்மா குந்துக்கா" என்று கிணற்றடியில் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். வாய் கசந்துகொண்டே இருக்கும். அந்தக் கசப்பை மறக்க அவளுக்குப் பேச்சு வேண்டும்.

அந்தக் கிணற்றடிப் பேச்சுதான் எனக்குக் கிடைத்த சொத்து. அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அக்கா அதைச் சொல்லிச் சொல்லி என் கண்ணில் வரைந்தாள். அம்மாவின் காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு ரயில் பட்டறையில் வேலை கிடைக்கப்போவதையும் அங்கேதான் சொன்னாள்.

"கரக்பூராம். வங்காளத்துப் பக்கம்."

"நீயும் போவியா?"

"போவாம? அவரு மட்டும் போயி இன்னா துன்னுவாரு?"

"எனக்கு யாருக்கா கீறாங்க?"

அவள் என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அந்த அத்தை சொன்னதைக் கேட்டு எத்தினி நாளு அழுதேன் தெரியுமா? நீ மல்லி மொட்டுன்னு சொன்னப்ப, நீ பொய் சொல்றேன்னு தெரியும். ஆனா கேக்க நல்லா இருந்திச்சி" என்றாள். சொல்லிவிட்டு, வாயை மூடாமல் சிரித்தாள். நான் மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் வாந்தி அடங்கியது. குழந்தை பிறப்பதற்குள் பல் கூச்சமும் பாதி குறைந்தது. வெண்மை திரும்பவில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு பல்கூடத் தேயவில்லை. ஆண் குழந்தை. அதன் தலை நின்றதும் கரக்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

யுத்தம் வந்தது. ஆவடியில் பட்டாளம் வந்து கொட்டகை போட்டது. ரயிலிலெல்லாம் சிப்பாய்களே ஏறினார்கள். அக்கா வரவில்லை. வெள்ளானூரில் எனக்குக் கல்யாணம் நடந்தபோதும் வர முடியவில்லை. வங்காளத்தில் பஞ்சம் என்று சேதி மட்டும் வந்தது. அவள் சாப்பிட்டாளா, குழந்தை சாப்பிட்டதா என்று எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. நான் முழுகாமல் இருந்தபோது வாந்தி எடுத்துவிட்டு, கொப்பளித்துவிட்டு, தனியாக உட்கார்ந்திருப்பேன். பேச ஆள் இல்லாமல் நேரம் நகராது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு முறை வந்தாள். உயரமாக வளர்ந்த மகன், இடுப்பில் இன்னொன்று. தமிழோடு இந்தியும் கலந்து பேசினாள். ஊர் முழுக்க அவளைப் பார்க்க வந்துவிட்டது. நாங்கள் இருவரும் தனியாக இருக்கவே முடியவில்லை. கிளம்பும் நாளில் ஸ்டேஷனில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கியே வந்துடேன்க்கா."

"எப்பிடிடீ வருவேன்? புள்ளைங்களுக்கு அதுதான் ஊரு இப்போ."

ரயில் நகர்ந்ததும் மகன்தான் கையாட்டினான். அவள் உள்ளே கைக்குழந்தையைப் படுக்கவைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். புகை கலையும்வரை நின்றேன். நைனா, "வாம்மா, வெளிய மாட்டு வண்டி நிக்குது" என்று இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.