நான் தீட்டிய சவரக்கத்தி

தோணிங்க வந்து நிக்கிற எங்க தோணிரேவுல மீன் கத்திக்கெல்லாம் பதம் வைக்கிறவ நான்தான். உலாந்தா, அதான் டச்சுக்காரச் சிப்பாய்கிட்ட வாங்கின சவரக்கத்தி உப்புக்காத்துல துருப்பிடிச்சுப் போச்சுன்னு எங்க நாவிதர் கவலைப்பட்டார். "இதுக்கா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிறே? குடு"ன்னு வாங்கினேன். சிப்பிச் சுண்ணாம்பும் எண்ணெயும் போட்டுத் துருவைத் தேய்ச்செடுத்தேன். அப்புறம் மீன் கத்தி மாதிரியே சொரசொரப்பான கருங்கல்லுல தீட்டிட்டேன்.

மறுநாள் என் மகனுக்குக் கல்யாணச் சவரம். நான் தீட்டினதாச்சேன்னு நாவிதர் சோதிக்காமலே கத்தியை வெச்சார். கன்னத்துல ரத்தம்.

"இன்னாய்யா, மாப்பிள்ளையா மீனா?"ன்னு சம்பந்தி வீட்டார் சிரிச்சாங்க.

அவர் என்னை ஒரு தரம் பார்த்துட்டு, "என் கைதான் நடுங்கிடுச்சு"ன்னார். நான் வாயே திறக்கலை.

பிறகு அவர்கிட்டயே கேட்டு, வழுவழுப்பான கல்லுலயும் தோலுலயும் தீட்டிச் சரிபண்ணிக் குடுத்தேன். ஆனா கல்யாணச் சவரத்துக்கு அவரை அப்புறம் யாரும் கூப்பிடலை.

தப்பு என்னுதுன்னு இப்பத்தான் சொல்றேன். கேக்க அவர் உயிரோட இல்லை.