எங்கள் வளவில் நான்கு குரல்

மாலை வெயில் தென்னைகளுக்குள் சாயும் நேரத்தில் எங்கள் குசினிக்குப் பின்புறமிருந்து ‘களகள’வென்று ஒரு சத்தம் எழும். அப்பா உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறார் என்று அர்த்தம். விடியலிலிருந்து உப்புக் கடலில் நின்றுவிட்டு வந்த மனிதர் வீட்டிலும் உப்புத் தண்ணீரையே வாயில் விட்டுக்கொள்கிறாரே என்று அம்மா கேலி செய்வார். அவரோ இருநூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய ஜெர்மன் தேவாலயப் பாட்டு ஒன்றுக்காகத் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. போரினால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டிருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் அங்கிருந்து சைக்கிளில் கரைக்குப் போய்க் கரைவலை இழுத்துவிட்டு வருவார்கள். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மட விடுதியில் தங்கி மேலைத்தேய சங்கீதம் படித்துக்கொண்டிருந்த என் அக்கா, அந்த ஊரே பெயர்ந்தபோது ஒரு பையோடு எங்களிடம் வந்து சேர்ந்திருந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்கு அந்தப் பாடத்தைத்தான் எடுப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கற்பிக்க ஆளில்லாத பாடம் எதற்கு, சித்திரம் எடு என்று புதுப் பள்ளிக்கூடத்து அதிபர் சொல்லிப் பார்த்தார். “விட்டிட்டு வந்ததெல்லாம் காணும், போதும் சேர். இதையும் விடமாட்டன்” என்றாள். அதற்குமேல் அவளோடு யாராலும் கதைக்க முடியவில்லை.

நம்முடைய பாட்டு ஒரே மெட்டில் போகும். பத்துப் பேர் பாடினாலும் ஒரே வழிதான். அக்கா பையில் கொண்டுவந்த தாளிலிருந்த அந்த ஜெர்மன் பாட்டில் நான்கு குரல்கள் நான்கு வழியாகப் போய், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓரிடத்தில் சந்தித்து நிற்கும். மேற்குரலை மட்டும் கொடுத்து மற்ற மூன்றையும் எழுதச் சொல்வார்களாம் பரீட்சையில். விதிகளெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் நான்கும் சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கரண்ட் இல்லை, ‘றெக்கோடரு’க்குப் பற்றறி இல்லை, மாதா கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்றுவிட்டது. கேட்காததை எப்படி எழுதுவது என்று ஒருநாள் பாயில் குப்புறப் படுத்து அழுதாள். அப்போது அப்பாதான் கேட்டார்: “நாலு குரல்தானே? நாங்கள் நாலு பேர் இருக்கிறம். சொல்லித்தா பிள்ளை.”

அம்மாவுக்கு மேற்குரல், எனக்கு அதற்கடுத்தது, சித்தப்பாவுக்கு மூன்றாவது, அப்பாவுக்குக் கீழ்க்குரல். ஜெர்மன் சொற்கள் வாயில் நுழையாததால் ‘லா லா’ என்றே பாடினோம். இது எங்கள் கத்தோலிக்கச் சபைப் பாட்டில்லையே, பாவம் கீவம் வருமோ என்று சித்தப்பா பயந்தார். “பங்குச் சுவாமியாரிட்டைக் கேட்டிட்டன். பாடலாமாம்” என்று அம்மா அந்தக் கதையை முடித்துவைத்தார்.

தகராறு அப்பாவிடம்தான். குரல் என்றால் அப்படியொரு குரல். அலைச் சத்தத்தை மீறி ‘அம்பா’ பாடி வலை இழுக்கிற குரல். ஆனால் நிற்கத் தெரியாது. வரி முடிவில், வளைந்த புருவத்துக்குக் கீழே ஒரு கண்போல, நிற்கச் சொல்லி ஒரு குறி போட்டிருக்கும். நாங்கள் மூவரும் அங்கே நிற்க, அப்பா அடுத்த வரிக்குள் போயிருப்பார். அம்பாப் பாட்டில் ஒருவர் முடிக்குமுன் மற்றவர் எடுத்துவிட வேண்டும். இடைவெளி விழுந்தால் கை தளரும்.

“அப்பா, நில்லுங்கோ!” என்று அக்கா கத்துவாள்.

“பொறுத்தார் பூமியாள்வார், இஞ்சாருங்கோ” என்பார் அம்மா.

“பூமியாளுறவன் பொறுக்கட்டும். கடலிலை பொறுத்தா வலை போயிடும்.”

இப்படியே வாரங்கள் போயின. பரீட்சை நெருங்க நெருங்க அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. ஒருநாள் அம்மா சலித்துப்போய்க் கேட்டார்: “அலை திரும்பி இழுக்கேக்கை என்ன செய்வியள்? அப்பவும் இழுப்பியளோ?”

“அதெப்பிடி? குதியை மண்ணுக்குள்ளை ஊண்டிப் பிடிச்சுக்கொண்டு நிப்பம்.”

“அப்ப இதுக்கும் அப்பிடி நில்லுங்கோவன்.”

அப்பா எழுந்து, வளவு மணலில் குதியை ஊன்றிக்கொண்டார். பாடினோம். முதல் வரி முடிந்தது, குறி வந்தது, அப்பா கயிற்றைப் பிடிப்பதுபோல அந்தக் கீழ்ச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் மூன்று குரல்களும் அதன்மேல் போய் உட்கார்ந்தன. அவ்வளவு சந்தோஷத்தை அந்தக் கொட்டில் வாழ்க்கையில் நான் அறிந்ததில்லை. தாளம் போட்ட அக்கா உயர்த்திய கையை இறக்கவே மறந்துவிட்டாள். எங்களுக்கு மூச்சு முட்டியது. பிறகு, “இன்னொருக்கா” என்றாள்.

அந்தப் பாடத்துக்கு மண்டபத்தில் அவள் ஒருத்தியே இருந்து எழுதினாள். பெறுபேறு வர மாதக்கணக்காயிற்று. திறமைச் சித்தி, சாதாரணத் தேர்ச்சிக்கு ஒருபடி மேல். அப்பா கரை முழுக்க, “எங்களுக்குச் சங்கீதத்திலை திறமைச் சித்தி” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பின்னாளில் நாங்கள் கரைக்குத் திரும்பியிருந்தபோது, ஆழிப்பேரலை அப்பாவையும் சித்தப்பாவையும் கொண்டுபோயிற்று. அந்தத் தென்னங்காணி இன்று கல்வீடுகளாகிவிட்டது. பாட்டு எழுதியிருந்த தாள் எந்த இடப்பெயர்வில் போனதென்று எவருக்கும் தெரியாது.

அக்கா மணமாகி ஜெர்மனிக்கே போய்விட்டாள். போன வருடம் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில், பெரிய பாடகர் குழு அதே பாட்டைப் பாடக் கேட்டுவிட்டு வந்து எனக்கு அழைப்பெடுத்தாள். வெகுநேரம் வேறு என்னவோ கதைத்தாள். கடைசியில், “வடிவாத்தான் பாடினவை. ஆனா கீழ்க்குரல் காணாதடி” என்றாள்.

நானும் கைத்தொலைபேசியில் தேடிப் பிடித்துக் கேட்டேன். அருமையான குரல்கள், ஒருவர்கூட முந்தவில்லை. சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். எனக்கும் காணவில்லை.