யானை நோட்டும் என் வாயும்

நான் சேர்க்கிற காசுக்கு ஒரு இறாத்தல் பாண்கூட வாங்கிச் சாப்பிட ஏலாது. இதை என் மனிசி நாங்கள் இருக்கிற டார்னெய்ட் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும், உண்மைதானே.

சூடான் சுதந்திரம் அடைந்த கையோடு தனக்கென்று அடித்த முதல் நோட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மாதிரிகள்தான் என் விசர், என் பைத்தியம். எங்கள் புதுக் காசு இப்படித்தான் இருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற நாட்டு வங்கிகளுக்கு அனுப்பியவை. இலக்கம் எல்லாம் பூச்சியம், குறுக்கே சிவப்பில் ‘ஸ்பெசிமன்’ என்ற எழுத்து. போதாக்குறைக்கு, ஒருவரும் கடையில் மாற்றிவிடாமல் ஒரு ஓட்டை வேறு. இலங்கைக் காசைச் சேர்த்தால் என்ன என்று கேட்பார்கள். அதைச் சேர்க்கிறவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்களோடு போட்டி போட்டுவிட்டுக் கலியாண வீட்டில் எப்படி முகம் பார்க்கிறது?

ஐந்து நோட்டில் நாலு என்னிடம் இருந்தது. இல்லாதது யானைகள் நிற்கிற ஐம்பது பியாஸ்டர் நோட்டு. ஆறு வருசமாய்த் தேடினேன். கண்ணிலேயே படவில்லை.

போன குளிர்காலம் அடித்த காற்றுக்கு எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் இருந்த வேலி விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா தனியாக இருக்கிறார், புருசன் செத்து ஒரு வருசம். வேலியைப் பற்றிக் கதைக்கப் போன என்னை இருத்தித் தேத்தண்ணி தந்து, பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுபேச்சில்லாமல் எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். புருசன் சிற்றியில் வங்கியொன்றில் வேலை செய்தவராம். குப்பைக்குப் போக இருந்த ஸ்பெசிமன் நோட்டுகள் சிலதைக் கேட்டு வாங்கி வைத்தாராம். டின்னைத் திறந்தார். மேலேயே கிடந்தது யானை!

“உங்களுக்கு வேணுமெண்டால் எடுங்கோ” என்ற மாதிரி இங்கிலிஷில் சொன்னார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் வளர்ந்த முறை வேறு. ஒருவர் ஒன்றை நீட்டினால் முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் “சீச்சீ, பரவாயில்லை.” மூன்றாம் தரம் அவர் கையைப் பிடித்துத் திணிக்கும்போதுதான், “உங்களோட பெரிய கரைச்சல்” என்று அலுத்துக்கொண்டு வாங்குவோம். வடையோ சீலையோ, எல்லாத்துக்கும் இதுதான் முறை.

“நோ நோ, தேவையில்லை” என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தரத்துக்குக் காத்திருந்தேன்.

“சரி” என்று டின்னை மூடிவிட்டார்.

ஐயோ, அந்த மூடி டக்கென்று விழுந்த சத்தம்! இந்த ஆக்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இருபது வருசமாய் இங்கே வரி கட்டுகிற எனக்கு அது தெரியாதா? எனக்குத் தெரியும். என் சனியன் பிடித்த வாய்க்குத் தெரியாது.

“என்னப்பா, வாயில என்ன கொழுக்கட்டையோ?” என்று நடந்ததைக் கேட்ட மனிசி எங்கள் குசினி அடுப்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாசம், நான் பட்ட பாடு! அந்த அம்மாவின் புல்லை வெட்டினேன். குப்பை வாளியை ரோட்டுக்குத் தள்ளி வைத்தேன். மனிசி சுட்ட ரோல்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் தேத்தண்ணி வந்தது, டின் வரவில்லை. வெரிபீ மிருகக்காட்சிசாலைக்கு யானைகள் வந்திருக்காம் என்று பேச்சை எடுத்தும் பார்த்தேன். “நல்லது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்றார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள்.

கடைசியில் மனிசிக்குப் பொறுமை போய்விட்டது. “இண்டைக்குப் போய் நேர கேளுங்கோ. இல்லாட்டி நான் போய்க் கேப்பன்.”

அவள் கேட்டால் என் மானம் கப்பலேறிவிடும். நானே போனேன். கராஜ் திறந்து கிடந்தது. உள்ளே அந்த அம்மா பெட்டிகளை வரிசையாய் அடுக்கிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை, வேண்டாத சாமான்களை எடுத்து விற்கிற தர்மக் கடை வான் வந்து எல்லாத்தையும் எடுத்துப் போகுமாம். ஒரு பெட்டிக்கு மேல் அந்த டின்.

“அந்த யானை நோட்டு எனக்கு வேணும்” என்றேன். “அண்டைக்கும் வேணும்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டார்.

“என்ர மூண்டு பிள்ளைகளிட்டயும் கேட்டன், ஒருத்தருக்கும் வேண்டாம்” என்றார். “அதின்ர பெறுமதி தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள். நீங்களே வேண்டாமெண்ட உடன, என்ர மனிசன் காலம் முழுக்கச் சேர்த்தது குப்பைதான் எண்டு நினைச்சிட்டன்.”

எனக்குச் செத்துப்போகலாம் போல் வெட்கமாயிருந்தது. ஆறு கிழமையாய் யானையை நினைத்து அழுதேனே தவிர, என் மரியாதை அந்த அம்மாவை எங்கே குத்தியிருக்கும் என்று ஒரு நிமிசமாவது நினைத்தேனா? எங்கள் மூன்று தரக் கணக்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அப்ப உங்கட ஆக்கள் எப்பிடித்தான் சாப்பிட்டு முடிக்கிறவை?” என்று சிரித்து, நோட்டை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு பக்கத்தில் இருந்த பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஹோட்டல் குளியலறைகளில் எடுத்த குட்டிச் சவர்க்காரங்கள், நூற்றுக்கணக்கில். அடுத்ததில் நெருப்புப்பெட்டிகள். அதற்கடுத்ததில் பியர் கிளாஸுக்குக் கீழே வைக்கிற மட்டைகள்.

“இதுகளும் அவர் சேர்த்ததுதான்” என்றார். “உங்களுக்கு வேணுமா?”

வேண்டாம். சத்தியமாய் எனக்கு வேண்டாம், வைக்க வீட்டில் இடமும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாம் வேணும்” என்று சொல்லிவிட்டு, சவர்க்காரப் பெட்டியை முதலில் தூக்கினேன்.