துண்டுக்குத் தரம் எழுதிய ஹாஜிரா மேடம்

செய்தி வந்தபோது நான் மன்னார்குடியில் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பூசியாகிவிட்டது. மறுபக்கம் வருவதற்குள் போன். கூத்தாநல்லூரிலிருந்து அவருடைய தம்பி ஜமால். "முருகையண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். அப்படியே எழுந்து வண்டியை எடுத்துவிட்டேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளை மீசையோடுதான் பள்ளிவாசல் ஓரமாக நின்றேன். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹாஜிரா மேடம் இருந்திருந்தால், "என்ன தம்பி, பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு, அதுக்குள்ள பாஸ் போட்டுட்டாங்களா?" என்று கேட்டிருப்பார்.

இதைப் படிக்கிற பேலர் வண்டிக்காரர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாய இயந்திரங்களைச் சோதிக்கிற அரசாங்க நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு, பேலருக்குப் பாதுகாப்புத் தரம் எழுதுகிற குழுவில் விவசாயிகள் சார்பில் உட்கார்ந்தார். பேலர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் பூட்டி, அறுத்துப் போட்ட வைக்கோலை அள்ளிச் சுருட்டிக் கட்டுகிற மிஷின். டிராக்டரிலிருந்து அதற்கு விசை கொண்டுபோக நடுவில் ஒரு ஷாஃப்ட் சுற்றும். என் மைத்துனன் கலியமூர்த்தியின் இடது கையைத் தின்றது அந்த ஷாஃப்ட்தான்.

அது ஒரு சம்பா அறுப்பு. ஷாஃப்டுக்கு மேலே தகரக் கவர் இருந்தது. பக்கவாட்டிலும் அடியிலும் ஒன்றுமில்லை. அடைத்துக்கொண்ட வைக்கோலைத் தட்டிவிடக் குனிந்தான். தோளில் கிடந்த துண்டு வழுக்கியது. அவ்வளவுதான். முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர், "குடிச்சிருந்தானா?" என்று கேட்டார். கம்பெனி ஏஜெண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, "ஓடும்போது கிட்டப் போகக்கூடாதுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கே" என்றார். அந்த ஆப்பிளை என் வீட்டு மாட்டுக்குக்கூடப் போட மனம் வரவில்லை.

கேள்விப்பட்டு ஹாஜிரா மேடமும் வந்தார். கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, அது என்ன துண்டு? ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?" என்று கேட்டார். கலியமூர்த்தி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தான். "இத்தன பேரு வந்தாங்க மேடம். எல்லாரும் கையத்தான் பாத்தாங்க. துண்ட யாரும் கேக்கல."

தரம் என்றால் மேலே எங்கோ படித்த பெரியவர்கள் கூடி, தராசு பிடித்து எழுதுவது என்றுதான் ஐந்தாவதோடு நிறுத்திய நான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "கம்பெனிக்காரங்க நாலு பேரு, வாத்தியார் ரெண்டு பேரு, ஆபீசர் ஒருத்தர், நான். மேசையச் சுத்தி உக்காந்து டீ குடிப்போம். எந்த வரிக்கு யாரும் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகலியோ, அந்த வரிதான் தம்பி தரம்." கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஓட்டுகிறவன் ஒருவன் வந்து பேசட்டும் என்று என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். அப்போதுதான் தெரிந்தது, அவர் கொஞ்சம் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்.

குளுகுளு அறை. முந்திரி பிஸ்கட். கவர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் வைத்திருந்த சோதனை ஒரு நேரான இரும்புக் கம்பி. நாலு பக்கமும் அதை நீட்டிப் பார்க்க வேண்டும்; ஷாஃப்டில் முட்டவில்லை என்றால் பாஸ். துண்டு என்ன இரும்புக் கம்பியா? மேடம் கலியமூர்த்தியின் கைப் படத்தை மேசையில் வைத்து, கம்பியோடு துண்டையும் சோதனையில் சேர்க்கச் சொன்னார்.

கம்பெனிக்காரர் ஒருவர் வலிக்காமல் சிரித்தார். "துண்டுக்கு என்ன அளவு மேடம்? ஆளாளுக்கு ஒரு துண்டு. அளவில்லாத பொருள வெச்சு எப்படிச் சோதிக்கிறது?" பக்கத்திலிருந்தவர், "பேண்ட் சட்ட போட்டுக்கிட்டு ஓட்டலாமே" என்றார்.

"ஓட்டலாம் சார். நீங்க ஒருநாள் வந்து எங்க சேத்துல பேண்ட்டோட எறங்கிக் காட்டுங்க. தையக்காரரையும் கையோட கூட்டிட்டு வந்துடுறேன், ஊரே தச்சுக்கும்" என்றேன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் டீ கிளாஸைக் கலியமூர்த்தியின் படத்தின் மேல் வைத்தார். வெட்டுப்பட்ட கையைச் சுற்றி டீக்கறை வட்டமாகப் பதிந்தது. மேடம் கிளாஸை நகர்த்தி, துப்பட்டா நுனியால் படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாயில் இருந்த முந்திரி பிஸ்கட்டை ஜன்னலைத் திறந்து துப்பலாம் என்றால் அந்த மாதிரி அறையில் ஜன்னலும் திறக்காது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் என்னைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் கீழவாசலுக்குப் போனார். ஜவுளிக்கடையில் துண்டுகளை விரித்து அளந்தார், எடை போட்டார், நனைத்துப் பிழிந்தார். கடைக்காரர் பொறுக்க முடியாமல், "அம்மா, துண்டு வாங்குறீங்களா, துண்டுக்கு ஜாதகம் எழுதுறீங்களா?" என்று கேட்டார். "ஜாதகந்தாங்க. பொருத்தம் பாக்கச் சொல்லிட்டாங்க" என்றார் மேடம். அடுத்த கூட்டத்துக்கு எல்லாம் எழுதி எடுத்துப் போனார். என்ன நீளம், என்ன அகலம், என்ன எடை. சொட்டு விழாத அளவுக்குக் கையால் பிழிந்திருக்க வேண்டும். ஓடுகிற ஷாஃப்டின் மேல் நீளக் கழியால் தள்ளிவிட வேண்டும். ஒரு தடவை இழுத்துக்கொண்டாலும் மிஷின் ஃபெயில். டெல்டா விவசாயியின் ஈரிழைத் துண்டுக்கு உலகத்திலேயே அப்படி ஒரு மரியாதையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

குழுவும் பாராட்டியது. கைகூடத் தட்டினார்கள். நான் முட்டாள், கூடத் தட்டினேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேலையைக் காட்டினார்கள். தர ஆவணத்துக்கு முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு உண்டு. முன்கட்டில் எழுதியிருப்பதைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் மிஷினுக்கு முத்திரை கிடையாது. பின்கட்டில் பின்னிணைப்பு என்று ஒன்று, அதிலும் 'தகவலுக்காக மட்டும்' என்று ஒன்று. அதில் இருப்பதைச் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, யாரும் கேட்க மாட்டார்கள். மேடத்தின் துண்டைத் தூக்கி அங்கே போட்டார்கள். "அருமையான தகவல் மேடம், வீணாகக் கூடாது பாருங்க" என்று ஒருவர் சொன்னார். ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்க, மேடம் ஒருவர்தான் கை தூக்கினார். "பதிஞ்சுக்குறோம்" என்றார் தலைவர், டிபன் வருகிறதா என்று கதவைப் பார்த்துக்கொண்டே.

திரும்பி ரயிலேறினோம். விழுப்புரம் தாண்டியதும் மேடம் சொன்னார். "குப்பையில போட்டிருந்தாக்கூட 'ஏன்டா போட்ட'ன்னு கேக்கலாம். பின்னிணைப்புல போட்டா கேக்க முடியாது. 'அதான் இருக்கே'ம்பாங்க."

"அப்புறம் ஏன் மேடம் இவனுங்களோட உக்காந்துகிட்டு? விட்டுட்டு வாங்க."

"நான் எந்திரிச்சு வந்துட்டா 'எல்லாரும் சம்மதம்'னு எழுதிடுவானுங்க. உக்காந்திருந்தாத்தான் 'ஒருத்தர் நீங்கலாக'ன்னு எழுதணும். அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் தம்பி ரயிலேறிப் போறேன்."

வரைவை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்பது விதி. மேடம் விடவில்லை. பேலர் நிறுத்துகிற செட்டுக்கு செட்டு வந்து, வண்டிக்காரர்களைப் பிடித்து உட்கார வைத்து, அவரவர் செல்போனிலிருந்தே எழுதி அனுப்ப வைத்தார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'கருத்து பரிசீலிக்கப்பட்டது, மாற்றம் தேவையில்லை.' எங்களில் ஒருவர் கைதவறி மகள் காதுகுத்துப் பத்திரிகையை இணைத்து அனுப்பிவிட்டார். அதுவும் பரிசீலிக்கப்பட்டது, அதற்கும் மாற்றம் தேவையில்லை. மேடம் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கலியமூர்த்தி ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்த்த பிறகு எனக்கு வந்த பதிலை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒருத்தனும் படிக்கவே இல்லை. படித்துவிட்டு மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

அடக்கத்தன்று, துண்டுக்கு என்ன அளவு என்று கேட்ட அந்தக் கம்பெனிக்காரரும் காரில் வந்தார், ஆள் உயர மலர்வளையத்தோடு. ஜமால் பணிவாக வாங்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். "மேடம் இல்லேன்னா இந்தத் தரமே இல்ல" என்று கம்பெனிக்காரர் என்னிடமே சொன்னார். கேட்க நாராசமாக இருந்தது. தரம் மறுபடி திருத்தத்துக்கு வருகிறது. துண்டை முன்கட்டுக்குக் கொண்டுவர மேடம் காத்திருந்தது அதற்காகத்தான். அடக்கம் செய்த மண் ஈரம் காய்வதற்குள் கம்பெனிக்காரர் கேட்டார்: "அவங்க எடத்துக்கு எங்க டீலர் ஒருத்தரையே போட்டுடலாம்னு இருக்கோம். அவரும் நெலம் வெச்சிருக்காரு, விவசாயிதானே?"

"அவருக்கு ரெண்டு கையும் இருக்கா சார்?"

"இருக்கே, ஏன்?"

"அப்ப எங்க ஆளு இருக்கட்டும். ஆட்சேபம்னு தூக்க ஒரு கை போதும்."

எங்கள் வண்டிக்காரர் சங்கத்தின் சார்பில் கலியமூர்த்தியின் பெயரை அனுப்பியிருக்கிறோம். "எனக்கு என்ன பேசத் தெரியும் மச்சான்?" என்று கேட்டான். பேச வேண்டாம், சம்மதம் என்று எழுதவிடாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். பெயரை எடுத்துக்கொள்வார்களா, அதுவும் பரிசீலிக்கப்படுமா, தெரியவில்லை.

மேடத்திடமிருந்து என்னிடம் இருந்தது கீழவாசலில் வாங்கிய அந்தத் துண்டுதான். எழுதிய அளவுக்கு அச்சாக இருந்தது என்று எனக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு அறுப்புக்கும் முன்னால் எங்கள் சுற்றுவட்டாரத்து பேலர்கள் என் செட்டுக்கு வரும். நனைத்துப் பிழிந்து, கழியால் ஷாஃப்டின் மேல் தள்ளுவேன். இழுத்துக்கொண்டால் கவர் மாட்டாமல் வண்டி வயலில் இறங்காது. திட்டிக்கொண்டேதான் மாட்டுகிறார்கள்; மாட்டுகிறார்கள். முன்கட்டிலும் இல்லை, பின்கட்டிலும் இல்லை, எங்கள் ஊரில் அதுதான் தரம்.

இந்தக் குறுவைக்கு முதல் வண்டியாக ஒரு புது பேலர் வந்தது. வழக்கம்போல் துண்டைத் தள்ளினேன். கவர் நன்றாக இருந்தது, ஷாஃப்ட் இழுக்கவில்லை. துண்டு கவரின் மேல் வழுக்கி, பின்பக்கத்து வாய்க்காலில் விழுந்தது. தண்ணீர் நிறைய ஓடியது, துண்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. வண்டி பாஸ். மறு வண்டிக்குக் கலியமூர்த்தி தன் துண்டைக் கொடுத்தான். அளந்து பார்த்தோம், மேடம் எழுதிய நீளத்துக்கு ஒரு சாண் குறைகிறது.